பந்தயப் படகின் அடிப்பூச்சு

பாய்மரப் படகுப் பந்தயம் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பது காற்றில் புடைத்த வெண்பாய்தான். புகைப்படம் எடுப்பவர் பாயைத்தான் எடுக்கிறார். கரையில் நிற்பவர் பாயைத்தான் பார்த்துக் கைதட்டுகிறார். ஆனால் வெற்றி தோல்வியின் ஒரு பெரும் பங்கு, எவர் கண்ணிலும் படாமல் நீருக்குள் அமிழ்ந்து கிடக்கும் அடிப்பாகத்தின் மேற்றோலைப் பொறுத்தது. அந்தத் தோலைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுப்பது, அதை எவ்வளவு தூரம் தேய்த்து வழவழப்பாக்குவது, எந்த இடத்தில் கையை நிறுத்திக் கொள்வது என்பவையே கேள்விகள். மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதற்குரிய விடையை நான் ஒரு பந்தயத்தைத் தோற்றுக் கற்றுக் கொண்டேன்.

1987-ஆம் ஆண்டு வசந்த காலம். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சவுத்தாம்ப்டன் நகரில் நான் கப்பல் அமைப்புக் கலை பயின்று கொண்டிருந்தேன். அந்நகருக்குத் தெற்கே, பெருநிலத்துக்கும் ஒயிட் தீவுக்கும் நடுவில் ஸோலன்ட் என்னும் ஜலசந்தி இருக்கிறது. உலகத்தில் பாய்மரப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற நீர்ப்பரப்புகளுள் அதுவும் ஒன்று. அங்கே ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், உயிரியல் கற்பித்தவர், ஒன்பது மீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைப் படகு ஒன்றை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் கயிறு இழுக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. சம்பளம் பகலுணவும் தேநீரும். மாணவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒப்புக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை கயிறு ஒன்றும் இழுக்கவில்லை. குளிர்காலம் முழுவதும் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகின் அடியில் என்னைக் குனியச் செய்து, "கையால் தடவிப் பாருங்கள்" என்றார் அவர். பல ஆண்டுப் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சில இடங்களில் செதில் செதிலாக உரிந்து, பழைய வீட்டுச் சுவர்போல இருந்தது. "சென்ற ஆண்டு நாம் பின்தங்கியதற்குக் காரணம் இது" என்றார். அந்த ஆண்டு படகைப் பார்த்தே இராத என்னையும் அவர் "நாம்" என்று சேர்த்துக் கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

படகு ஏன் தடைப்படுகிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். நீரில் செல்லும் படகை இரண்டு எதிர்ப்புகள் பின்னிழுக்கின்றன. ஒன்று, படகு எழுப்பும் அலையினால் வருவது. மற்றொன்று, நீர் அதன் தோலை உராய்வதனால் வருவது. பலத்த காற்றில் வேகமாகச் செல்லும்போது அலைத்தடை ஓங்கிவிடுகிறது. இளங்காற்றில் படகு மெல்ல ஊரும்போது தடையின் பெரும்பகுதி உராய்வுதான். ஆகவே அடிப்பாகம் கரடுமுரடாக உள்ள படகு, காற்று நன்றாக வீசும்போது தன் குற்றத்தை ஒருவாறு மறைத்துக் கொண்டு, காற்று குறைந்தவுடன் அகப்பட்டுக் கொள்கிறது.

இந்த உராய்வை முதன்முதலில் முறையாக அளந்தவர்களுள் தலைசிறந்தவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டி, 1872 முதல் அதில் பரிசோதனைகள் நடத்தினார். மெல்லிய நீண்ட பலகைகளை நீரில் செங்குத்தாக அமிழ்த்தி இழுத்து, இழுவிசையை அளந்தார். ஒரு பலகைக்கு வார்னிஷ் பூசினார். ஒன்றின்மேல் வெள்ளீயத் தகடு ஒட்டினார். ஒன்றைப் பருத்தித் துணியால் போர்த்தினார். ஒன்றில் மணலைத் தூவி ஒட்டினார். வார்னிஷ் பூசிய பலகையைக் காட்டிலும் துணி போர்த்திய பலகை ஏறக்குறைய இருமடங்கு உராய்வைத் தந்தது. துணிதானே, மிருதுவானதுதானே என்று நாம் நினைப்போம். நம் கைக்கு மிருதுவாக இருப்பது வேறு, நீருக்கு வழவழப்பாக இருப்பது வேறு. அவர் கண்ட மற்றொன்றும் முக்கியமானது. பலகை நீளமாக ஆக, ஒவ்வொரு சதுர அடிக்கும் விழும் சராசரி உராய்வு குறைந்துகொண்டே போயிற்று. அதாவது, நீர் முதலில் வந்து மோதும் முன்விளிம்பு ஒட்டிய பகுதியே பரப்புக்கு ஏற்ப அதிகத் தடையைத் தருகிறது. பந்தயப் படகில் முன்விளிம்பு என்பது முகப்பில் மட்டும் இல்லை. நம் கடற்கரையார் ஏரா என்று சொல்லும் அடிக்கட்டைக்கு ஒரு முன்விளிம்பு உண்டு. சுக்கானுக்கும் ஒன்று உண்டு. இந்தச் செய்தியை நினைவில் வைத்திருங்கள். என் கதை அங்கேதான் முடியப் போகிறது.

அப்படியானால் எவ்வளவு வழவழப்பு போதும்? படகின் தோலை ஒட்டிய நீர்த்துகள்கள் படகோடு ஒட்டிக்கொண்டே நகர்கின்றன. அவற்றை அடுத்து மிக மெல்லிய அமைதியான படலம் ஒன்று இருக்கிறது. தோலிலுள்ள மேடுகள் அந்தப் படலத்துக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை, வெளியே சுழித்தோடும் நீருக்கு அவை இருப்பதே தெரியாது. மேட்டின் உயரத்தையும் வேகத்தையும் பெருக்கி, நீரின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் வரும் எண் நூறுக்கு மேற்படாமல் இருந்தால் போதும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் ஒரு விதி. மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு என்று விடை வரும். தலைமயிர் ஒன்றின் பருமனில் இது ஏறக்குறைய பாதி. பூச்சை உருளையால் உருட்டி அப்படியே விட்டுவிட்டால், ஆரஞ்சுப் பழத் தோல்போன்ற அதன் புள்ளிமேடுகள் இந்த எல்லையைத் தாண்டிவிடக் கூடும். ஆனால் 400-ஆம் எண் உப்புத்தாளால் தண்ணீர் ஊற்றி ஒழுங்காகத் தேய்த்த பரப்பு எல்லைக்குள் அடங்கிவிடும். அதற்குமேல் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்வதை நீர் கவனிப்பதில்லை. பக்கத்துப் படகுக்காரர்தாம் கவனிக்கிறார்.

மெழுகைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மெழுகு தடவிய பரப்பில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடுவதைப் பார்த்து, படகும் அப்படியே நீரில் வழுக்கிச் செல்லும் என்று நம்புவோர் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். முத்து உருள்வது காற்றில். நீருக்குள் முழுவதும் அமிழ்ந்தபின், ஒட்டிய துகள்கள் ஒட்டியபடியேதான் இருக்கும்; மெழுகினால் வேகம் கூடுவதில்லை.

இனித் தேர்வுக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, படகு எங்கே குடியிருக்கிறது என்பதுதான். நம் ஊர்க் கட்டுமரத்தை மீனவர் கடலிலிருந்து வந்தவுடன் கரையேற்றி, கட்டுகளை அவிழ்த்து மணலில் உலரப் போட்டுவிடுவார்கள். வெயிலில் காயும் மரத்தில் பாசி ஏது, கொட்டலசு ஏது? பந்தயம் முடிந்ததும் கரையேற்றிவிடும் சிறு படகுகளுக்கும் அதே நியாயம். அவற்றுக்கு நச்சுப் பூச்சு வேண்டியதே இல்லை. கெட்டியான எப்பாக்ஸிப் பூச்சைப் பூசித் தேய்த்துவிட்டால் போதும். அதைவிட வழவழப்பானதும் நீடித்து நிற்பதுமான அடிப்பாகம் வேறில்லை.

நீரிலேயே கட்டிக்கிடக்கும் படகின் கதை வேறு. சில நாட்களில் சளிபோன்ற ஒரு படலம் படிகிறது. பிறகு பாசி. பிறகு, சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டு கல்லாய் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் 2007-இல் வெளியிட்ட கணக்கின்படி, மெல்லிய சளிப்படலம் படிந்தாலே ஒரு போர்க்கப்பல் அதே வேகத்தில் செல்ல ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதிகச் சக்தி தேவைப்படுகிறது. உப்புத்தாளால் ஒரு மாதம் உழைத்துச் சேர்த்ததை ஒரு வாரச் சளி கொண்டுபோய்விடும் என்பது இதன் பொருள்.

இந்தச் சங்கடம் பழமையானது. பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் அலார்ம் என்ற கப்பலின் அடியில் செப்புத்தகடு அறைந்து பார்த்தது. கொட்டலசு ஒட்டவில்லை, ஆனால் செம்பின் அருகிலிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயின. அதற்கு ஒரு வழி கண்டபின், 1779 முதல் கடற்படைக் கப்பல்களுக்கெல்லாம் செப்புத்தோல் போர்த்தத் தொடங்கினார்கள். இன்றைய பூச்சுகளில் பெரும்பாலானவற்றுக்கும் உயிர் அதே செம்புதான். தகடாக இல்லாமல், செம்பு ஆக்ஸைடுப் பொடியாகப் பூச்சில் கலந்திருக்கிறது. அவற்றில் இரண்டு இனம் உண்டு. ஒன்று மென்மையானது, சோப்புக்கட்டிபோல் நாளடைவில் தானே கரைந்து, புதிய பரப்பைக் காட்டிக் கொண்டிருக்கும். ஊர் சுற்றும் படகுக்கு அது ஏற்றது. தேய்த்து இழைக்க இணங்காது, அடிக்கடி கழுவினால் பூச்சே போய்விடும். மற்றது கெட்டியானது. உப்புத்தாளுக்கு ஈடுகொடுக்கும், பந்தயத்துக்கு முன்பு துடைத்துக் கழுவலாம். பந்தயப் படகு நீரில் குடியிருப்பதானால் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆனால் அந்த வசந்த காலத்தில் என் மனம் நாடியது மூன்றாவது ஒன்றை. ஆசிரியருடைய கொட்டகையின் மூலையில் அரை டப்பா பழைய பூச்சு இருந்தது. அது டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சு. 1970-களில் வந்த இந்த வகைப் பூச்சின் மேற்படலத்தை உப்பு நீரே சீராகக் கரைத்து, நாளுக்கு நாள் மேலும் வழவழப்பாக்கிவிடும். கொட்டலசின் குஞ்சும் அண்டாது. உப்புத்தாளின் வேலையைக் கடலே செய்து கொடுப்பதுபோல! அந்த 1987-ஆம் ஆண்டில்தான் சிறு படகுகளுக்கு அதை விற்பதை பிரிட்டன் தடை செய்தது. கொட்டகையில் இருந்ததோ முன்பே வாங்கியது. "இதைப் பூசிவிடலாமே" என்றேன்.

அவர் விவாதிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகோட்டி என்னைத் தீவின் பாறைக்கரை ஒன்றுக்கு, நீர் வடிந்திருந்த நேரத்தில், அழைத்துப் போனார். முன்பெல்லாம் தம் மாணவர்களை அங்கே கூட்டி வந்து, பாறைகளில் ஒட்டியிருக்கும் ஒருவகைக் கடல் நத்தைகளை எண்ணச் சொல்வாராம். "எண்ணுங்கள்" என்றார். அரைமணி நேரம் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வெள்ளீயச் சேர்மம், ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு கரைந்திருந்தாலே, அந்தப் பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைக்கிறது; அது முட்டையிடும் வழியை அடைத்துவிட, இனமே அற்றுப் போகிறது. பிரான்ஸில் ஆர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பிகளின் ஓடு தடித்து உருக்குலைந்து, குஞ்சு பிழைக்காமல் போகவே, அந்நாடு 1982-லேயே சிறு படகுகளுக்கு இந்தப் பூச்சைத் தடுத்துவிட்டது. பிற்காலத்தில், 2001-இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, பெரிய கப்பல்களுக்கும் தடை விதித்தது. இவையெல்லாம் புத்தகச் செய்திகள். அன்று அந்தப் பாறையில் நின்றபோது அவர் கூறிய வேறொன்றுதான் என் மனத்தில் தைத்தது. அந்த நத்தையின் உணவு எது தெரியுமா? கொட்டலசு. கொட்டலசை ஒழிக்க நாம் பூசிய நஞ்சு, அதைத் தின்னும் பிராணியை ஒழித்துவிட்டது.

அந்த டப்பாவை அவர் நஞ்சுக் கழிவுகளைப் பெறுமிடத்தில் ஒப்படைத்துவிட்டார். நாங்கள் கெட்டியான செப்புப் பூச்சை வாங்கினோம். செம்பும் குற்றமற்றதன்று, கட்டுத்துறைகளின் நீரில் அது சேர்வதைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. ஆயினும் அன்று எங்கள் கைக்கு எட்டியவற்றுள் அதுவே மேலானது.

வேலை ஐந்து வாரம் நடந்தது. பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பதே பெரும்பாடு. அதை ஒருபோதும் உலரவைத்துத் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசியே விஷம். அவர் பார்க்காதபோது நான் ஒருமுறை அப்படிச் செய்து, இரண்டு நாள் கண் சிவந்து கிடந்தேன். பிறகு மேடுபள்ளம் பார்க்க வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிறு கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் பள்ளமும் மேடும் ஒன்றுபோல வழவழப்பாகும்; பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ஒரு கைநீளத்துக்கு மேலுள்ள, சற்றே வளையும் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, குறுக்காக இழைக்க வேண்டும். அதற்கு முன்பு கறுப்புச் சாயத்தை இலேசாகத் தெளித்துவிட்டால், இழைத்த பின்பு கறுப்பு எங்கே மிஞ்சி நிற்கிறதோ அங்கே பள்ளம். பட்டி வைத்து, உலரவிட்டு, மறுபடி இழைக்க வேண்டும். ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நகர்த்துவார். என் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அவர் கைக்குத் தெரியும். அதன்மேல் சாம்பல் நிற எப்பாக்ஸிப் பிரைமர் இரண்டு தரம். அதற்கும் மேலே செப்புப் பூச்சு. முதல் தரம் சிவப்பு, அடுத்த மூன்று தரம் வெள்ளை. இந்த நிறமாற்றம் அழகுக்காக அன்று. தேய்க்கும்போது சிவப்பு எட்டிப்பார்த்தால், கையை எடு என்று அது சொல்கிறது.

220, பிறகு 320, பிறகு 400 என்று எண்கள் ஏற ஏறத் தேய்த்து முடித்தோம். "போதும்" என்றார் ஆசிரியர். எனக்குப் போதவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான், ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் கடலில் அமெரிக்கக் கோப்பையை 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' என்ற படகு வென்றிருந்தது. அதன் அடிப்பாகத்தில், நீரோட்டத்தின் போக்கிலேயே நுண்ணிய வரிப்பள்ளங்கள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருந்தார்கள். சுறாமீனின் தோலிலும் அத்தகைய வரிகள் உண்டு. ஆய்வுக்கூடங்களில் அவை உராய்வை நூற்றுக்குச் சில பங்கு குறைத்தது உண்மை. பின்னர் பந்தய விதிகளே அதைத் தடுத்துவிட்டன: நீரின் ஓட்டத்தை மாற்றுவதற்கென்றே தனியாக வரியிட்ட பரப்பும் கூடாது, வழுக்கும் பொருளைக் கசியவிடுவதும் கூடாது. எங்களிடம் அந்தத் தோல் ஏது? ஆனால் அந்தச் செய்தி என் தலைக்கேறியிருந்தது. ஆசிரியர் வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் 600-ஆம் எண் தாளையும், பிறகு 1200-ஆம் எண்ணையும் வாங்கிக் கொண்டு தனியே உட்கார்ந்தேன். முன்விளிம்பு முக்கியமென்று ஃப்ரூட் சொன்னார் அல்லவா? அடிக்கட்டையின் முன்விளிம்பில் தனிக் கவனம் செலுத்தினேன். சிவப்பு எட்டிப்பார்த்தது. பளபளப்பு வந்து கொண்டிருந்ததால் கையை எடுக்க மனம் வரவில்லை. இன்னும் சிறிது தேய்த்தேன்; விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. ஒரு முழ நீளந்தானே என்று எண்ணிக் கொண்டேன். மறுநாள் படகு நீரில் இறங்கிற்று. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் படகு பறந்தது. எங்களுக்கு முன்னால் செல்லும் வழக்கமுடைய படகுகளை இளங்காற்றில் முந்தினோம். ஆசிரியர் என் முதுகில் தட்டினார். ஜூலை மாத நடுவில், பருவத்தின் புள்ளிக் கணக்கை முடிவு செய்யும் ஒரு மாலைப் பந்தயம் நடந்தது. காற்று மிகக் குறைவு. எங்களுக்கென்றே அமைந்த காற்று என்று நினைத்தேன். படகு நகர மறுத்தது. காற்றை எதிர்த்து ஏறும்போது பக்கவாட்டில் சரிந்து கொண்டே போயிற்று. பாயை இழுத்தோம், தளர்த்தினோம், ஆள் மாறி உட்கார்ந்தோம். பதினோரு படகில் ஒன்பதாவதாக வந்தோம்.

அந்த வார இறுதியில் படகைக் கம்பங்களின் ஓரம் கட்டினோம். அப்பகுதியில் நீர் வடியும்போது படகு தன் அடிக்கட்டையின்மேல் நின்றுவிடும். அடுத்த ஏற்றம் வருவதற்குள் அடியைக் கழுவிக் கொள்ளலாம். நீர் இறங்க இறங்க வெள்ளைப் பூச்சு முழுவதும் சுத்தமாக வெளிப்பட்டது. மெல்லிய சளியைத் தவிர வேறில்லை. கடைசியில் அடிக்கட்டையின் முன்விளிம்பு தெரிந்தது. ஒரு முழ நீளத்துக்கு, விரல் அகலத்துக்கு, நெருக்கமாகக் கொட்டலசு. தைத்து வைத்ததுபோல, நான் தேய்த்த இடத்தின் எல்லையை அணுவும் பிசகாமல் காட்டிக் கொண்டிருந்தது. நீர் முதலில் வந்து தொடும் இடம். அடிக்கட்டையின் முழுப் பக்கத்துக்கும் ஓட்டத்தைச் சீராக்கித் தரவேண்டிய இடம். படகு பக்கவாட்டில் ஏன் சரிந்தது என்பதும் விளங்கிற்று.

அவர் சிறிது நேரம் அதைப் பார்த்துக் கொண்டு நின்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. விளிம்பில் வட்டமாகத் தெரிந்த சிவப்பு வரியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். நானே சொன்னேன், அந்த வாரத்துக் கதையை முழுதும். "முன்விளிம்புக்கு எப்போதும் ஒரு தரம் கூடுதலாகப் பூச வேண்டும் என்று உங்களிடம் சொல்ல மறந்தது என் பிழை" என்றார் அவர். அதுவும் உண்மைதான். துறைகளில் தேர்ந்தவர்கள் முன்விளிம்புகளுக்கும், நீர்மட்டக் கோட்டுக்கும், சுக்கானின் முனைக்கும் ஒரு தரம் அதிகமாகவே பூசுவார்கள். உப்புத்தாள் விளிம்பில்தான் முதலில் பூச்சைத் தின்னும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மரச் சுரண்டியால் கொட்டலசை எடுத்தேன். கூட்டின் அடித்தகடுகள் பிரைமரில் வெள்ளை வட்டங்களாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை நனைத்துத் தேய்த்து எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நன்னீரால் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, காற்றில் உலரவிட்டோம். ஏற்றம் வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவர் டப்பாவைத் திறந்து, அடியில் படிந்திருந்த செம்பைக் குச்சியால் நன்றாகக் கலக்கி, தூரிகையை என் கையில் கொடுத்தார். இடைவெளி விட்டு இரண்டு தரம் பூசினேன். தூரிகையின் கோடுகள் தெரிந்தன. உப்புத்தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.